பொதுச் சுகாதாரப் பட்டம்: கல்லூரியைத் தேர்ந்தறிதல்

மருத்துவர் தம்முன் அமர்ந்திருக்கும் நோயாளியை நோக்குகிறார். பொதுச் சுகாதாரத் துறையினரோ அந்நோயாளி எத்தெருவிலிருந்து வந்தார், அத்தெருவில் இன்னும் எத்தனை பேர் படுத்திருக்கின்றனர், அவர்கள் குடித்த நீர் எங்கிருந்து வந்தது என்பனவற்றை நோக்குகின்றனர். இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவையேனும் கற்கும் முறையும் ஆற்றும் பணியும் வேறு வேறாம். 2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று உலகை முடக்கிய காலத்தில் இரண்டாம் வகை அறிவின் அருமையை நம் ஊர்களும் உணர்ந்தன. இன்று விலங்கியல், வேதியியல், சமூகப்பணி பயின்ற மாணவர்கள் ‘எம்.பி.எச்.’ எனப்படும் பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டத்தைப் பற்றி ஆர்வத்துடன் வினவுகின்றனர். எக்கல்லூரியில் சேரலாம் என்பதே அவ்வினா. அதற்கு விடை கூறுமுன் வேறொரு வினாவை நாம் எழுப்ப வேண்டியுள்ளது. படித்து முடித்தபின் எப்பணிக்குச் செல்ல எண்ணம்?

இதனை முதலில் கேட்பதற்குத் தக்க காரணம் உண்டு. தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரத்திற்கெனத் தனி இயக்ககமே இயங்கி வருகிறது. 1939ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டத்தை இயற்றியது. இத்தகைய பெருமையுடைய மாநிலத்தில் இப்பட்டம் பெற்றால் மாவட்டச் சுகாதார அலுவலர் ஆகலாம், மாநகர் நல அலுவலர் ஆகலாம் என்று மாணவரும் பெற்றோரும் எண்ணுவது இயல்பே. ஆயினும் அப்பதவிகள் மருத்துவப் பட்டம் பெற்று, அதன்மேல் பொதுச் சுகாதாரப் பட்டயமோ சமுதாய மருத்துவ மேற்படிப்போ முடித்தவர்க்கே உரியன. இளங்கலை அறிவியல் பயின்றபின் எம்.பி.எச். பெற்றவர் அவ்வழியில் செல்லவியலாது. சுகாதார ஆய்வாளர் பணிக்கும் தனியே பயிற்சி வகுப்பு உண்டு. முதுநிலைப் பட்டம் அதற்கு ஈடாகாது. நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய பின்னர் இவ்வுண்மையை அறிவதினும் விண்ணப்பம் வாங்குமுன் அறிவதே நன்று. இதனைத் தாமாகவே முன்வந்து கூறும் கல்லூரி நேர்மையான கல்லூரி எனக் கொள்ளலாம். “அரசுப் பணி உறுதி” என்று மட்டும் கூறும் கல்லூரியிடம் எப்பதவி, எவ்விதியின்கீழ் என்று கேட்டறிதல் வேண்டும்.

அவ்வாறாயின் மருத்துவரல்லாதார்க்கு இப்பட்டம் பயனற்றதோ எனின், அன்று. ஆராய்ச்சித் திட்டங்கள், தேசிய நலவாழ்வுத் திட்டத்தின் மேற்பார்வைப் பணிகள், தொண்டு நிறுவனங்கள், மருத்துவமனைகளின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுகள், நோய்த் தரவுகளைத் தொகுத்து ஆயும் அலுவலகங்கள் எனப் பல இடங்கள் உள. அவற்றுள் பல ஒப்பந்த அடிப்படையிலானவை என்பதையும் மறைப்பதற்கில்லை. திட்டம் முடிந்தால் பணியும் முடியும். இவ்வாழ்க்கையை ஏற்கும் மனம் உண்டா என்பதை மாணவர் தம் இல்லத்தாருடன் அமர்ந்து பேசி முடிவு செய்தல் நலம்.

இனிக் கல்லூரிகளின் வரலாற்றைச் சிறிது காண்போம். அமெரிக்க நாட்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பள்ளி 1916ஆம் ஆண்டு ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பொருளுதவியால் நிறுவப்பெற்றது. அதே அறக்கட்டளையின் துணையுடன் 1932ஆம் ஆண்டு கல்கத்தாவில் அகில இந்தியச் சுகாதார, பொதுநலவாழ்வு நிறுவனம் தோன்றியது. அந்நிறுவனம் 1939ஆம் ஆண்டு சிங்கூர் என்னும் நாட்டுப்புறப் பகுதியில் ஒரு களப்பயிற்சி நிலையத்தை ஏற்படுத்தியது. வகுப்பறையில் மட்டும் இக்கல்வி முற்றுப்பெறாது என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

நெடுங்காலம் இத்துறை நம் நாட்டில் பெரிதும் மருத்துவர்களின் கையிலேயே இருந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997ஆம் ஆண்டு எம்.பி.எச். படிப்பைத் தொடங்கியது. சென்னையை அடுத்த அயப்பாக்கத்திலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 1999ஆம் ஆண்டு உருப்பெற்றது. 2006ஆம் ஆண்டு இந்தியப் பொதுச் சுகாதார அறக்கட்டளை அமைக்கப்பெற்றபின் காந்திநகர், ஐதராபாத் முதலிய நகரங்களில் புதிய நிறுவனங்கள் எழுந்தன. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனமும் தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகமும் இத்துறையைச் சமூக அறிவியல் நோக்கில் அணுகுபவை. ஆகவே ஒரே பெயருடைய பட்டமேனும் ஓரிடத்தில் கணக்கும் புள்ளியியலும் மேலோங்கும்; மற்றோரிடத்தில் வறுமையும் சாதியும் நலக்கொள்கையும் மேலோங்கும். எண்களைக் கண்டு அஞ்சும் மாணவர் முன்னதிற் சேர்ந்து இடர்ப்படுவதும், எண்களையே விரும்புபவர் பின்னதிற் சேர்ந்து சலிப்படைவதும் பாடத்திட்டத்தை முன்னரே வாங்கிப் படித்திருந்தால் நேராதன.

கல்லூரியை அளக்கும் கோல்களுள் நாம் தலையாயதாகக் கருதுவது களம். ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு சிற்றூரில் 100 பேரிடையே வயிற்றுப்போக்கு பரவுகிறது என்று வைத்துக்கொள்வோம். தெருக்குழாய் நீரைக் குடித்தோர் 40 பேர். அவருள் 20 பேருக்கு நோய். கிணற்று நீரைக் குடித்தோர் 60 பேர். அவருள் 6 பேருக்கு நோய். முன்னவரில் நூற்றுக்கு 50, பின்னவரில் நூற்றுக்கு 10. எனவே குழாய் நீர் குடித்தவர்க்கு நோய் 5 மடங்கு. இக்கணக்கைக் கரும்பலகையில் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடலாம். ஆனால் அந்த 100 பேரையும் வீடு வீடாகச் சென்று கண்டு, யார் எந்நீரைக் குடித்தார் என்று பொறுமையாகக் கேட்டு, குழாய்ப் பாதையில் நடந்து, அது சாக்கடையைக் கடக்கும் இடத்தில் நின்று பார்ப்பதுதான் கல்வி. 1854ஆம் ஆண்டு இலண்டனில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்நோ செய்ததும் இதுவே. இறந்தோரின் வீடுகளைக் குறித்து, பிராட் தெருவின் கைப்பம்பைச் சுற்றியே அவை நெருங்கியிருந்ததை அவர் காட்டினார்.

எனவே கல்லூரிக்குச் சென்றால் கட்டடத்தைக் காண்பதோடு அமையாது, “உங்கள் களப்பகுதி யாது? ஆண்டில் எத்தனை நாள் மாணவர் அங்கே தங்குவர்? உடன் வரும் ஆசிரியர் யார்?” என்று கேளுங்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1977ஆம் ஆண்டு முதல் கே.வி. குப்பம் வட்டாரத்தில் ‘ருசா’ என்னும் ஊரக நலப் பணியை நடத்தி வருவதும், காந்திகிராமத்தில் 1964ஆம் ஆண்டு முதல் ஊரக நலவாழ்வு நிறுவனம் இயங்குவதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கன. பல ஆண்டு பழகிய ஊரில் மக்கள் கதவைத் திறப்பர். புதிதாய்ப் பேருந்தில் வந்திறங்கி வினாத்தாளை நீட்டும் மாணவர்க்கு வாயிலிலேயே விடை கிடைத்துவிடும். பல இல்லங்களில் தாய்மார் தம் உடல்நிலையைப் பற்றிப் பெண்களிடம் மட்டுமே மனம் திறந்து பேசுவர். ஆதலின் நம் மாணவியர் இத்துறைக்கு இன்றியமையாதவர். அவர்களுக்குக் களத்தில் தங்குமிடமும் போக்குவரத்தும் எவ்வாறு அமைந்துள்ளன என்பதைப் பெற்றோர் தயங்காது விசாரிக்கலாம்.

தமிழ்த்துறை மலரில் மற்றொன்றையும் குறிப்பிடாதிருத்தல் இயலாது. களத்தில் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வகுக்கப்பட்டுப் பின்னர் தமிழாக்கப்படுகின்றன. “உங்கள் குழந்தைக்கு அம்மை வந்ததா?” என்று ஒருவர் கேட்டால் தாய் “வந்தது” என்பாள். அது தட்டம்மையா, சின்னம்மையா? பொன்னுக்குவீங்கியைக்கூட அம்மை என்று வழங்கும் ஊர்கள் உள. ஒரு சொல்லின் மயக்கத்தால் தடுப்பூசிக் கணக்கே பிழையாகிவிடும். வயிற்றுப்போக்கு என்றால் புரியாத வீட்டில் பேதி, கழிச்சல் என்று கேட்க வேண்டியிருக்கும். ஆங்கில வினாவைத் தமிழாக்கி, அத்தமிழை வேறொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி, முன்னதோடு ஒப்புநோக்கும் முறை இத்துறையில் உண்டு. அம்முறையை மாணவர்க்குக் கற்பிக்கும் கல்லூரி பாராட்டுக்குரியது. தமிழறிந்த மாணவர் இங்குத் தலைநிமிர்ந்து நிற்கலாம்.

பட்டத்தை வழங்குபவர் யார் என்பதையும் காண்க. இப்படிப்பு எம்.பி.பி.எஸ். போன்று மருத்துவ ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இல்லை; பல்கலைக்கழகத்தின் தகுதியே பட்டத்தின் தகுதி. ‘அங்கீகாரம் பெற்றது’ என்னும் தொடரை மட்டும் அச்சிட்டு, யாருடைய அங்கீகாரம் என்பதை எழுதாது விடும் விளம்பரங்களை நாம் கண்டதுண்டு. சான்றிதழில் எப்பெயர் இருக்கும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளல் முறை. இக்கல்வியை அஞ்சல் வழியில் கற்பது நீச்சலை நூலில் கற்பதோடு ஒக்கும் என்பது எமது கருத்து.

அயல்நாடு செல்ல விழைவோர்க்குச் சிறு குறிப்பு. அமெரிக்காவில் இத்துறைப் பள்ளிகளைத் தரம் பார்த்து ஏற்பளிக்கும் குழு 1974ஆம் ஆண்டு முதல் உள்ளது. அதன் பட்டியலில் பள்ளியின் பெயர் உண்டா என்று பார்த்தல் முதற்கடன். பிரித்தானியாவில் இப்படிப்பு பெரும்பாலும் ஓராண்டிலும் அமெரிக்காவில் பெரும்பாலும் ஈராண்டிலும் முடியும். செலவைக் கணக்கிடும்போது இவ்வேறுபாடு பெரிது.

கல்வி உதவித்தொகை நல்கும் ஊர்ப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவத்திற்கும் பொறியியலுக்கும் உதவும் நிதியில் இப்படிப்பிற்கும் ஓரிடம் ஒதுக்கலாம். ஒதுக்குமுன் அக்கல்லூரியில் கடந்த மூன்றாண்டுகளில் பயின்று வெளியேறியோர் இன்று எங்கெங்கே, எவ்வூதியத்தில், நிலையான பணியிலா ஒப்பந்தத்திலா உள்ளனர் என்ற பட்டியலைக் கல்லூரியிடம் கேட்டு வாங்குங்கள். தனியொரு மாணவர் கேட்டால் காத்திருக்கச் சொல்வர்; பணம் கட்டும் அறக்கட்டளை கேட்டால் மறுநாளே அனுப்பி வைப்பர். அப்பட்டியலில் இருப்போருள் மருத்துவரல்லாத இருவர் மூவரை மாணவரே தேடிச் சென்று பேசட்டும்.