கருத்த வானமும் வெளுத்த கல்லும்

திறந்தவெளியில் நிற்கும் ஒரு சிலையைக் கறுப்பு வெள்ளையில் படமாக்கும்போது, அதன் பின்னணியில் உள்ள வானம் எவ்வளவு கருமையாகப் பதிகிறது என்பதே அப்படத்தின் தன்மையை முதலில் தீர்மானிக்கிறது. நண்பகலில் கண்ணுக்கு இளநீலமாகத் தெரியும் வானம் படத்தில் ஏறக்குறையக் கரியாக மாறியிருப்பதையும், அதன் முன்னே முகில்கள் வெண்மையாகத் திரண்டிருக்கச் சிலை தனித்து எழுந்து நிற்பதையும் காண்போர் பலர், அதனை இருட்டறையிலோ கணினியிலோ செய்த ஒப்பனை என்று கருதிவிடுகின்றனர். ஆனால் அந்தக் கருமையின் பெரும்பகுதி படம் எடுக்கப்பட்ட அதே நொடியில், ஒளியின் இயல்பினாலேயே விளைந்ததாக இருக்க முடியும். நீலம் எவ்வளவு கருக்க வேண்டும், பச்சை எவ்வளவு வெளுக்க வேண்டும் என்று ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு சாம்பல் நிறத்தை ஒதுக்கித்தருவதே கறுப்பு வெள்ளைப் படக்கலையின் அடிப்படை வேலை. சிலையும் வானமும் மட்டுமே உள்ள ஒரு படத்தில் அந்த வேலை மறைக்க இடமின்றி வெளிப்பட்டு நிற்கிறது.

இந்த ஒதுக்கீடு ஒளிப்படக்காரரின் கைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. தொடக்ககாலத் தகடுகளிலும் தாள்களிலும் பூசப்பட்ட வெள்ளி உப்புகள் புறஊதா, ஊதா, நீலம் ஆகிய ஒளிகளுக்கு மட்டுமே நன்கு வினைபுரிபவை. ஏறத்தாழ 500 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளங்கள், அதாவது பச்சையும் மஞ்சளும் சிவப்பும், அவற்றைப் பொறுத்தவரை இருளேயாகும். கல்லும் மண்ணும் மரமும் பதிவதற்குப் போதுமான நேரம் ஒளி படுவதற்குள், நீலம் நிறைந்த வானம் நெகட்டிவில் அளவுக்கு மீறிக் கருத்துவிடும். அதைத் தாளில் அச்சிடும்போது வானம் இருக்க வேண்டிய இடத்தில் வெற்று வெண்மையே எஞ்சும். முகில்களும் நீலமும் ஒரே அளவில் பதிந்துவிட்டபின் அவற்றைப் பிரித்துக்காட்ட எதுவும் மிஞ்சுவதில்லை. பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே 1856, 1857ஆம் ஆண்டுகளில் எடுத்த கடற்காட்சிகள் சிலவற்றில், வானத்துக்கு ஒன்றும் கடலுக்கு ஒன்றுமாக இரண்டு நெகட்டிவ்களை இணைத்து அச்சிட்டது இக்குறைக்கு அவர் கண்ட தீர்வாகும். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தவரும் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராகப் பணியாற்றியவருமான லின்னேயஸ் டிரைப், அதற்குமுன் 1855இல் பர்மாவில் எடுத்த காட்சிகளின் நெகட்டிவ்களில் நிறமி பூசி முகில்களைக் கையாலேயே வரைந்து சேர்த்தார். பழம்படங்களில் கோபுரங்களும் சிலைகளும் நிழலற்ற வெள்ளைத் தாளின்மேல் ஒட்டப்பட்டவை போல் தோன்றுவதற்குக் காரணம் படைத்தவர்களின் ரசனைக் குறைவு என்று எண்ணுவது அவர்களுக்குச் செய்யும் அநீதியாகும். அவர்கள் கண்ட வானம் அவர்களுடைய வேதிப்பொருளுக்குத் தெரியவில்லை.

இந்தத் தடையை உடைத்தவர் பெர்லினில் ஒளிப்பட வேதியியல் கற்பித்த ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல். ஒளி தகட்டின் பின்புறம் பட்டுத் தெறித்துப் பரவாமல் இருப்பதற்காகச் சாயம் சேர்க்கப்பட்டிருந்த தகடுகள், எதிர்பாராத வகையில் பச்சை ஒளிக்கும் வினைபுரிவதை 1873இல் அவர் கண்டறிந்தார். வெள்ளி உப்பின் படிகங்கள்மேல் படியும் சாயம் தானே பச்சை ஒளியை உறிஞ்சி, அந்த ஆற்றலைப் படிகத்துக்குக் கைமாற்றுகிறது என்பதே இதன் உட்பொருள். அதன்பின் பொருத்தமான சாயங்கள் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டு, சிவப்பு உட்பட எல்லா வண்ணங்களையும் உணரும் ‘பான்குரோமேட்டிக்’ தகடுகள் 1906இல் இங்கிலாந்தின் ராட்டன் அண்ட் வெயின்ரைட் நிறுவனத்தால் விற்பனைக்கு வந்தன. சிவப்பை உணராத தகட்டின்முன் சிவப்புக் கண்ணாடியை வைத்தால் எதுவுமே பதியாது என்பதால், இன்று அறியப்படும் கருத்த வானத்தின் வரலாறு இங்கிருந்தே தொடங்குகிறது.

வானம் நீலமாக இருப்பதற்கான விளக்கத்தை ராலே பிரபு 1871இல் வகுத்தளித்தார். ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியனவான காற்று மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் அளவு, அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமையும். அதன்படி 450 நானோமீட்டர் நீல ஒளி, 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியைப் போல நான்கு மடங்குக்கும் சற்று மிகுதியாகச் சிதறுகிறது. முகிலில் உள்ள நீர்த்துளிகளோ ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அவை எல்லா வண்ணங்களையும் ஏறக்குறையச் சமமாகவே சிதறடிப்பதால் முகில் வெண்மையாகத் தெரிகிறது. கேமராவின் லென்சுக்கு முன் சிவப்பு வடிகட்டியைப் பொருத்தும்போது வானத்தின் நீலம் தடுக்கப்பட, முகிலிலிருந்து வரும் சிவப்புப் பகுதி தடையின்றி உள்ளே செல்கிறது. வழக்கமாகப் பயன்படும் 25ஆம் எண் சிவப்பு வடிகட்டிக்கு ஒளிபடும் நேரத்தை எட்டு மடங்காக்க வேண்டும், மஞ்சளுக்கு இரு மடங்கு போதும் என்னும் நடைமுறைக் கணக்கே, ஒவ்வொன்றும் எவ்வளவு ஒளியைக் கழிக்கிறது என்பதைக் காட்டிவிடும். 1927இல் ஒளிப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ், யோசமிட்டிப் பள்ளத்தாக்கின் ஹாஃப் டோம் பாறையை முதலில் மஞ்சள் வடிகட்டியுடனும், அதில் மனநிறைவு கொள்ளாமல் பின்னர் அடர்சிவப்பு வடிகட்டியுடனும் எடுத்தார். இரண்டாவது படத்தின் கரிய வானமே அப்பாறைக்கு அதன் பேருருவைத் தந்தது.

வடிகட்டி வானத்தை மட்டும் மாற்றுவதில்லை. திறந்தவெளியில் சிலையின் நிழல்பட்ட பகுதிகளுக்கு ஒளி தருவது நேர்வெயில் அன்று, நீல வானமே ஆகும். எனவே நீலத்தை விலக்கும் கண்ணாடி அந்த நிழல்களிலிருந்தும் ஒளியைப் பறித்துக்கொள்கிறது. கண்குழியும், ஆடை மடிப்பின் உட்புறமும், தாடையின் அடியும் கண்ணுக்குத் தெரிவதைவிட ஆழமாகக் கருக்கின்றன. வானத்தைக் கருமையாக்கிய அதே செயல் கல்லின் மேடுபள்ளங்களையும் கூர்மையாக்குகிறது என்பதனால்தான், இத்தகைய படங்களில் சிலையும் வானமும் ஒரே மனநிலையைக் கொண்டனபோல் இசைந்து நிற்கின்றன.

படமெடுப்பவர் நிற்கும் இடமும் வானத்தின் கருமையோடு தொடர்புடையது. தலைக்கு மேலே பார்க்கும்போது பார்வை கடந்து செல்லும் காற்றின் அளவு குறைவு. அடிவானத்தை நோக்கும்போது அது பல மடங்காகப் பெருகி, ஒளி திரும்பத்திரும்பச் சிதறி எல்லா வண்ணங்களும் கலந்துவிடுவதால் அங்கே வானம் வெளிறிவிடுகிறது. கன்னியாகுமரியில் 2000ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையை எடுத்துக்கொண்டால், சில நூறு மீட்டர் தொலைவிலுள்ள கரையிலிருந்து பார்ப்பவருக்கு அது அடிவானத்தை ஒட்டிய வெளிறிய வானத்தின்மேல், கடற்காற்றின் ஈரமும் உப்பும் கலந்த மங்கலுக்கு நடுவே நிற்கிறது. எவ்வளவு அடர்ந்த சிவப்பு வடிகட்டியாலும் அந்த வெண்மையைக் கரியாக்க முடியாது. படகில் சென்று பாறையின்மேல் இறங்கி, சிலையின் அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால், தெளிந்த நாளில் அதே சிலைக்குப் பின்னே உயர்வானத்தின் அடர்நீலம் வந்துவிடுகிறது. சிலைகளைக் கீழிருந்து எடுப்பது அவற்றுக்குக் கம்பீரம் தருவதற்காக என்று பயிற்சி நூல்கள் சொல்வது மெய்யே எனினும், கருத்த வானமும் அக்கோணத்தில்தான் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சிதறிய ஒளிக்கு மற்றொரு பண்பும் உண்டு. ஒளி அலைகள் எல்லாத் திசைகளிலும் அதிர்வதை விட்டு ஒரே தளத்தில் அதிர்வதைத் தளவிளைவு என்பர். கதிரவனிலிருந்து 90 பாகை விலகியுள்ள வானப்பகுதியிலிருந்து வரும் ஒளியில் இது மிகுதி. தளவிளைவு வடிகட்டியைத் தக்கவாறு திருப்பினால் அந்தப் பகுதி மட்டும் கருக்கும். கேமரா அந்தத் திசையை நோக்கும்போது கதிரவன் பக்கவாட்டில் இருக்கும். ஒரு சிலையின் மூக்கும் கன்னமும் விரல்களும் திரட்சியாகத் தெரிவதற்கு வேண்டியதும் அந்தப் பக்கவாட்டு ஒளியே என்பது படக்கலைக்கு இயற்கை செய்த பேருதவி.

சிலையின் பொருள் என்ன என்று கேளாமல் வடிகட்டியைத் தேர்ந்தெடுப்பதே இத்துறையில் பலரும் தடுமாறும் இடம். சலவைக்கல்லும் சாம்பல்நிறக் கருங்கல்லும் எல்லா வண்ணங்களையும் ஏறக்குறையச் சமமாகத் திருப்பியனுப்புவதால், அவற்றை விட்டுவிட்டு வானத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். செம்பிலும் வெண்கலத்திலும் அது இயலாது. 1886இல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட விடுதலைச் சிலையின் 2.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள செப்புத் தகடு தொடக்கத்தில் பழுப்பு நிறமாக இருந்து, காற்றும் ஈரமும் கந்தகச் சேர்மங்களும் வினைபுரிந்ததால் சில பத்தாண்டுகளில் பச்சைக் களிம்பால் மூடப்பட்டது. அந்தப் பச்சையைச் சிவப்பு வடிகட்டி வானத்தோடு சேர்த்தே கருக்கிவிடும். கரிய வானத்தில் கரிய சிலை கரைந்துபோகும். மஞ்சள்பச்சை வடிகட்டியோ வானத்தை ஓரளவு தணித்து, களிம்பேறிய உருவத்தை ஒளிர விடும்.

வானம் முழுதும் மூடிய மழைக்கால நாளில் மேற்சொன்ன எதுவும் பயன்படாது, ஏனெனில் சாம்பல் முகிலில் விலக்குவதற்கு நீலம் இல்லை. அங்கே முகில்களின் அடுக்குகளுக்கு இடையிலுள்ள சிறு வேறுபாட்டைக் குறைந்த ஒளியில் பதித்து, அச்சிடும்போதோ கணினியிலோ பெருக்குவது ஒன்றே வழி. கணினியில் நீல வானத்தைக் கருக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு: அடர்நீலப் பகுதியிலிருந்து உணரியின் சிவப்புப் புள்ளிகளுக்குக் கிடைத்த ஒளி மிகச் சிறிதாதலால், அதையே நம்பி வானத்தை அமைக்கும்போது மணல்போன்ற புள்ளிகள் கிளம்பிவிடுகின்றன.

வடிகட்டியே இன்றி, கருத்த வானம் என்னும் விளைவின் உச்சத்தைத் தொட்ட படங்கள் 1908இல், பாரிசுக்கு அருகிலுள்ள மெதோனில் எடுக்கப்பட்டன. பிரெஞ்சு எழுத்தாளர் சங்கம் 1891இல் வேண்டி, 1898இல் கண்டபின் ஏற்க மறுத்த, நாவலாசிரியர் பால்சாக்கின் சிலையினது பாரிஸ் சாந்து வடிவம் சிற்பி ரொதானின் இல்லத்தில் இருந்தது. வெண்சாந்து தன்மேல் படும் ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பியனுப்புவது; பகலில் வானொளி எல்லாப் பக்கமும் நிறைந்து, மடிப்புக்கு மடிப்பு ஒளி தெறித்து நிழல்களை நிரப்பிவிடுவதால் உருவம் தட்டையாகிவிடும். ஆகவே சிலை திறந்தவெளிக்குக் கொண்டுவரப்பட்டு, ஒளிப்படக்காரர் எட்வர்ட் ஸ்டைகன் அதனை நிலவொளியில், கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஒளிபட விட்டு எடுத்தார். முழுநிலவின் ஒளி கதிரவனின் ஒளியில் ஏறத்தாழ நான்கு லட்சத்தில் ஒரு பங்குதான். நேரத்தை நீட்டுவதால் மட்டும் இந்தக் குறை முற்றிலும் ஈடாவதில்லை. ஒரு வெள்ளி உப்புப் படிகம் பதிவாக நிலைபெற வேண்டுமெனில் அதில் குறைந்தது மூன்று நான்கு வெள்ளி அணுக்கள் சேர வேண்டும். ஒளி மிக மெலிந்து வரும்போது முதல் அணு உருவாகி, அடுத்தது வருவதற்குள் கலைந்துவிடுகிறது. பின்னாளில் கருந்துளைக் கணக்கீட்டால் பெயர்பெற்ற வானியலாளர் கார்ல் ஷ்வார்ட்ஸ்சில்டு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விண்மீன்களைப் படமெடுக்கையில் இந்த இழப்பை அளந்து வகுத்தார். மங்கிய பகுதிகளே இதனால் மிகுதியாக இழப்பதால், வெண்சாந்து தேங்கிய ஒளியாகப் பதிய, அதைவிட மங்கிய பின்புலம் இன்னும் ஆழ இருள்கிறது. மேலும் நிலவு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 15 பாகை நகர்வதால் நிழல்களின் விளிம்பு கரைந்து மென்மையாகிறது.

‘திறந்த வானம், இரவு 11 மணி’, ‘ஒளியை நோக்கி, நள்ளிரவு’, ‘நிழலுரு, காலை 4 மணி’ என்று நேரத்தையே பெயராகத் தாங்கிய அப்படங்களை, ஃபோகலிடம் பயின்றவரான ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1911இல் தமது ‘கேமரா வொர்க்’ இதழில் வெளியிட்டார். மூன்றிலும் சிலை ஒன்றே. ஒளியும் வானமும் மாறமாற அதன் எடையும் வடிவமும் மாறிக்கொண்டே போகின்றன. பாரிசின் ராஸ்பாய் சாலையில் 1939இல் நிறுவப்பட்ட பால்சாக்கோ வெண்கல வார்ப்பு. கருத்த அந்த உலோகத்துக்கு நிலவும் இருளும் உதவா. அதனைப் படமாக்க வருபவர், பின்னால் வெண்முகில் நிறைந்து நிற்கும் பகலைத் தேடி, சிவப்புக் கண்ணாடியைப் பையிலேயே வைத்துவிட்டு, வானம் வெளுத்தும் உருவம் கருத்தும் பதியுமாறு ஸ்டைகனின் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டியிருக்கிறது.