உங்களுக்குத் தெரியுமா? வழுக்கலுக்கு மணல் வைத்தியம்

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. அத்தனை கடல் கடப்பவர்களுக்கு, நனைந்த தளத்தில் கால் பிடிப்புத்தான் உயிர்.

மேல்தளம் வழுக்காமலிருக்க எளிய வழி மணல். பழைய பெயின்ட்டை உரசித் துடைத்து, புதுப் பூச்சு ஈரமாயிருக்கும்போதே சலித்த, உலர்ந்த மணலைத் தாராளமாகத் தூவ வேண்டும். காய்ந்ததும் ஒட்டாததைக் கூட்டியெடுத்து, மேலே இன்னொரு பூச்சு. கழுவாத கடல்மணல் கூடாது. அதன் உப்பு ஈரத்தை இழுத்துப் பெயின்ட்டைக் கொப்புளிக்க வைக்கும். (மண்டியிட்டு வேலை செய்பவரின் முழங்கால் இந்த மணலைச் சபிக்கும், அது வேறு கதை.)

கடலே எட்டாத கலஹாவில், மழைக்கு வழுக்கும் சீமெந்துப் படிகளுக்கும் இதே வைத்தியம் பலிக்கும். முதலில் பாசியைச் சுரண்டி, படியை நன்றாகக் காயவிட்டுத்தான் பெயின்ட் அடிக்க வேண்டும்.