ஓய்வு நேரத்தில் ஒரு சோப்புத் தொழில்



படிப்புக்கு இடையிலோ, உத்தியோகம் முடிந்த மாலை வேளையிலோ ஒரு சிறு தொழிலை நடத்திக் கொஞ்சம் பொருள் ஈட்ட வேண்டும் என்ற ஆசை உங்களில் பலருக்கு உண்டு. அந்த ஆசை குளியல் சோப்பு, முகப்பூச்சு, கூந்தல் தைலம் ஆகிய அழகுப் பொருள்களை நாடுவதும் இயல்பே. முதல் சிறிது, சமையலறைப் பாத்திரங்களே போதும்போலத் தோன்றும். இவை அனைத்தையும் தொட்டுப் பேசினால் ஒன்றும் விளங்காது. ஆதலால் சோப்பு ஒன்றையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டில் பிறந்து உலகை வலம் வந்த தொழில்கள் உண்டு. 1907ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸ் நகரில் யூழேன் ஷுயெலர் என்னும் இளைஞர், தம் சிறு இல்லத்தில் இரவு வேளைகளில் தலைமயிர்ச் சாயம் தயாரித்தார். அதைத் தாமே கொண்டுசென்று நகரத்து மயிர்வினைஞர்களிடம் விற்றார். 1909இல் அவர் நிறுவிய கம்பெனியே பிற்காலத்தில் 'லோரியால்' எனப் புகழ்பெற்றது. அவர் முதலில் அதற்கு இட்ட பெயரின் பொருள், 'தீங்கற்ற தலைமயிர்ச் சாயங்களின் பிரெஞ்சுக் கம்பெனி' என்பதாகும். அழகு தரும் என்று சொல்வதற்கு முன்பே தீங்கு செய்யாது என்று சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இருந்தது! அவர் இரசாயனம் பயின்றவர் என்பதையும் மறந்துவிடலாகாது.

சோப்பு என்பது யாது? எண்ணெயும் காரமும் கலந்து மாறுதல் அடையும்போது, சோப்பும் கிளிசரினும் உண்டாகின்றன. பெரிய ஆலைகள் பலவற்றில் கிளிசரினைத் தனியே பிரித்து எடுத்துவிடுவார்கள். வீட்டுச் சோப்பில் அது உள்ளேயே தங்கித் தோலுக்கு மென்மை தருகிறது. காரமாவது காஸ்டிக் சோடா. இது தோலையும் கண்ணையும் அரிக்கும் பொருள். கையுறையும் கண்ணாடியும் அணியாமல் இதைத் தொடலாகாது. காரத்தைத்தான் சிறிது சிறிதாக நீரில் இட வேண்டும். காரத்தின்மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரமும் ஆகாது. காரம் அதை அரித்து, எரியக்கூடிய ஹைடிரஜன் வாயுவை வெளிப்படுத்தும்.

இனி அளவு. தொழிலின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். கடலை எண்ணெய்க்கோ 136 கிராம் போதும். எண்ணெய்க்கு எண்ணெய் இந்த எண் மாறும். காரம் சிறிதும் மிஞ்சக் கூடாது என்பதற்காகக் கணக்கில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தே இடுவது வழக்கம். அவ்வாறு ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 174 கிராம் காரத்தை 350 கிராம் நீரில் கரைத்து, ஆறவிட்டு, எண்ணெயில் ஊற்றிக் கலக்கினால், கலவை மெல்லக் கூழாகும். அதை அச்சில் வார்த்து, இறுகியதும் வெட்டி, நான்கைந்து வாரம் காற்றாட வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு உப்பு நீரிலும் நுரைக்கும். ஆயினும் தனியே பயன்படுத்தினால் தோலை வறளச் செய்யும். ஆதலால் வேறு எண்ணெய்களையும் சேர்ப்பார்கள்.

சேர்க்கும்போது நேரும் பிழையை நான் அறிவேன். கல்லூரியில் பயின்ற நாளில் நானும் சோப்புக் காய்ச்சினேன். தேங்காய் எண்ணெயின் விலை ஏறியபோது பாதிக்குக் கடலை எண்ணெயைக் கலந்தேன். காரத்தின் அளவை மட்டும் மாற்றவில்லை. கணக்கு என்ன? அரைக் கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 91½ கிராம், அரைக் கிலோ கடலை எண்ணெய்க்கு 68 கிராம். ஆக 159½ கிராம். நான் இட்டதோ 174 கிராம். மீதிக் காரம் முழுவதும் கட்டிகளுக்குள் தங்கிவிட்டது. பார்வைக்கு அவை வெள்ளை வெளேரென்று அழகாகவே இருந்தன. அடுத்த வீட்டு அம்மையார் மூன்று கட்டிகள் வாங்கினார். நான்காம் நாள், எஞ்சிய இரண்டரைக் கட்டிகளைப் பழைய தாளில் சுற்றித் திருப்பித் தந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் கைகள் முழங்கை வரை சிவந்திருந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதன்பின் அவர் என்னிடம் எதையும் வாங்கியதில்லை.

வரவு செலவையும் பார்த்துவிடுவோம். எண்ணெய் கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரமும் மணப்பொருளும் 70 ரூபாய். ஈரம் காய்ந்தபின் நூறு கிராம் கட்டிகள் ஏறக்குறைய 13 தேறும். ஈரத்தோடு நிறுத்து எடையை அச்சிட்டால், வாங்குகிறவர் தராசில் அது குறையும். உறைக்குக் கட்டி ஒன்றுக்கு 4 ரூபாயாக 52 ரூபாய். ஆக மொத்தம் 422 ரூபாய். கடைக்காரருக்கு 45 ரூபாய் வீதம் கொடுத்தால் 163 ரூபாய் மிஞ்சும் எனத் தாளில் காணலாம். ஆனால் மாதிரிக்கு ஒன்று போகும், உடைந்ததாக ஒன்று போகும். பதினொன்றே விற்றால் மிச்சம் 73 ரூபாய்தான். உங்கள் உழைப்புக்குரிய கூலியும் அதற்குள் அடங்கியதே. மேலும் காயும் ஐந்து வாரமும், கடைக்காரர் தவணை சொல்லும் நாள்களும் உங்கள் முதல் முடங்கிக் கிடக்கும். கையில் உள்ள பணம் கல்லூரிக் கட்டணத்துக்கு உரியதானால், தொடங்குமுன் இதை இருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.

சட்டத்தையும் அறிய வேண்டும். மருந்துகளுக்கு மட்டும் உரியதாக இருந்த 1940ஆம் ஆண்டுச் சட்டத்தில், 1962ஆம் ஆண்டுத் திருத்தம் அழகுப் பொருள்களையும் சேர்த்தது. அப்போது சோப்புக்கு விலக்கு இருந்தது. 1982ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விலக்கை நீக்கிவிட்டது. எனவே இன்று குளியல் சோப்பை விற்பனைக்காகத் தயாரிக்க, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் உரிமம் பெற வேண்டும். 2020ஆம் ஆண்டில் வந்த அழகுப் பொருள் விதிகள் இதற்குரிய நெறிகளைக் கூறுகின்றன. தயாரிக்கும் இடம் குடியிருக்கும் வீட்டோடு இணைந்ததாக இருத்தல் கூடாது. தகுதி பெற்ற ஒருவரின் மேற்பார்வையும் வேண்டும். ஆகவே அடுப்பங்கரை கற்றுக்கொள்வதற்கு ஏற்ற இடமே அன்றி, விற்பதற்குரிய இடம் அன்று. பலர் இதை அறியாமல் முதலைப் போட்டுவிட்டுப் பின்பு வருந்துகின்றனர்.

இதற்கு வேறொரு வழியும் உண்டு. உரிமம் பெற்ற ஆலை ஒன்றின் இடத்தையும் கருவிகளையும் பயன்படுத்தி, உங்கள் சோப்பை அங்கே தயாரித்துக்கொள்ளலாம். இதற்குக் 'கடன் உரிமம்' என்று பெயர். தனிக் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் பணம் வேண்டுவதில்லை. பகலில் வேறு வேலை பார்ப்பவருக்கு இதுவே பெரும்பாலும் பொருந்தும் என்பது என் கருத்து. ஆலையாரின் இசைவை எழுத்தில் பெற்றுக்கொண்டு, உங்கள் பெயரிலேயே இவ்வுரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.