உரோமைக்குப் புறப்படும் குடும்பங்களுக்கு

வையம்பட்டியில் இரயிலேறித் திருச்சி சேர்வதும், அங்கிருந்து பேருந்து பிடித்து வேளாங்கண்ணி செல்வதும் நம் குடும்பங்களுக்குப் பழகிய பயணங்கள். உரோமைத் திருப்பயணமோ அத்தகையதன்று. பல்லாண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும், வயது முதிர்ந்த பெற்றோரின் நெடுநாளைய ஆசையும் அதில் அடங்கியிருக்கின்றன. பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையே வாய்க்கும் பயணம் அது.

ஆகவே, புறப்பட எண்ணுவோர்க்கு முதற்கண் ஒன்றைக் கூற விழைகிறோம். திருப்பயணிக்கு உரோமையில் இன்றியமையாதவை பலவும் கட்டணமின்றிக் கிடைப்பவையே. நான்கு பெரும் பேராலயங்களில் நுழைவதற்குக் கட்டணமில்லை. திருத்தந்தையின் புதன்கிழமைப் பொதுச் சந்திப்பிற்கான சீட்டுக்கும் கட்டணமில்லை. தாகத்திற்குத் தண்ணீரும் அவ்வாறே. இவற்றை அறியாதவர்களிடந்தான் இவை விலை பேசப்படுகின்றன.

புறப்படுமுன்

கடவுச்சீட்டில் உள்ள பெயரும் விமானச் சீட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் வேண்டும். நம்மவரிடையே ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் மற்றொன்று, தந்தை பெயரின் முதலெழுத்து விரிந்தும் சுருங்கியும் வருவது என்ற நிலை உண்டு. பயணச்சீட்டு வாங்குமுன் இதனைச் சீர்செய்துகொள்வது நலம்.

இத்தாலி ஷெங்கன் நாடுகளுள் ஒன்று. அவ்விசாவிற்குப் பயண நாளுக்கு 6 மாதங்கள் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களேனும் முன்னதாக விண்ணப்பித்தாக வேண்டும். திரும்பும் நாளுக்குப் பின்னும் 3 மாதங்கள் கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான விசாக் கட்டணம் 90 யூரோ. வத்திக்கான் 1929 முதல் தனி நாடாயினும் அதற்கென வேறு விசா தேவையில்லை.

திருச்சியிலிருந்து உரோமைக்கு நேர் விமானம் இல்லை. இடையில் மாறியே செல்ல வேண்டும். பயண முகவரிடம் பணம் கட்டுமுன், உரோமையில் தங்குவது எத்தனை இரவுகள், விடுதி நகருக்குள்ளா வெளியிலா, ஒவ்வோர் இரவுக்கும் ஆளுக்கு இவ்வளவு என விதிக்கப்படும் நகர வரி கட்டணத்தில் சேர்ந்ததா என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். பத்து நாட்களில் பல நாடுகளைக் காட்டுவதாகக் கூறும் பயணங்களில் உரோமைக்குக் கிடைப்பது ஒரு நாளோ ஒன்றரை நாளோ எனில், அது திருப்பயணம் ஆகாது. பேருந்துச் சன்னல் வழியே பார்த்த காட்சியாகவே முடியும். துறவற சபையினர் நடத்தும் விருந்தினர் இல்லங்களும் அங்கு உண்டு. அவற்றுட் பலவற்றில் இரவு குறித்த நேரத்தில் கதவை அடைத்துவிடுவர் என்பதை நினைவிற்கொள்க.

ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்கள் பயணத்திற்கு ஏற்றவை. ஆகஸ்டில் வெயில் கடுமை. கடைகள் பலவும் மூடியிருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நம் மக்களுக்குக் கம்பளி ஆடையின்றி இயலாது.

நகருக்குள்

ஃபியுமிச்சீனோ விமான நிலையத்திலிருந்து தெர்மினி என்னும் தலைமை இரயில் நிலையத்திற்கு நேர் இரயில் உண்டு. 32 நிமிடப் பயணம். நிலத்தடி இரயிலின் ஏ, பி என்னும் இரு தடங்களும் சந்திப்பது தெர்மினியில்தான். ஏ தடத்தில் ஒத்தவியானோ நிலையத்தில் இறங்கினால் புனித இராயப்பர் பேராலயத்திற்கு நடந்து செல்லலாம். அதே தடத்தில் எதிர்த்திசையிற் சென்று சான் ஜொவான்னியில் இறங்கினால், உரோமை ஆயரின் தலைமைக் கோவிலாகிய இலாத்தரன் பேராலயம். பி தடத்தில் புனித சின்னப்பர் பேராலயத்திற்கு அதன் பெயராலேயே நிலையம் உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2025 ஏப்ரல் 26 அன்று அடக்கம் செய்யப்பெற்ற புனித கன்னி மரியா பெரிய பேராலயமோ தெர்மினியிலிருந்து நடை தூரமே. இவ்வாறு நான்கு பேராலயங்களையும் வாடகை வண்டியின்றியே தரிசிக்கலாம். காகிதப் பயணச்சீட்டை, பேருந்தில் ஏறியதும் அங்குள்ள இயந்திரத்தில் செருகி முத்திரையிடத் தவறினால் அபராதம் உண்டு.

கூட்ட நெரிசலில் பணப்பை பறிபோவது அங்கு மிகுதி. தெர்மினியிலிருந்து வத்திக்கான் செல்லும் 64 ஆம் எண் பேருந்து இதற்குப் பேர்பெற்றது. கடவுச்சீட்டை ஆடைக்குள் பத்திரப்படுத்தி, அதன் படி ஒன்றைத் தனியே வையுங்கள். தொலைந்துவிட்டால் காவல் நிலையத்தில் புகார் எழுதிப் பெற்று இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டும். அவசர உதவிக்கு எண் 112.

தெருக்களில் பாவியிருப்பவை சிறு சிறு கருங்கற்கள். புதுச் செருப்பு வாங்கி அணிந்து செல்வோர் முதல் நாளிலேயே கால் கொப்புளித்துத் துன்புறுவர். பழகிய காலணியே சிறந்தது. மூலைக்கு மூலை, இரவு பகலாகத் தண்ணீர் ஓடும் குழாய்த் தூண்கள் ஏறத்தாழ 2,500 உள்ளன. 1874 முதல் நிறுவப்பட்டு வரும் இவற்றின் நீர் நல்ல குடிநீர். வெறும் புட்டி ஒன்று கையிலிருந்தாற் போதும். காப்பிக் கடையில் நின்று குடித்தால் ஒரு விலை. அமர்ந்து குடித்தால் அதனினும் கூடுதல்.

ஆலயங்களில்

தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். நம் சேலைக்கும் வேட்டிக்கும் தடையில்லை. கையில்லா இரவிக்கை அணிவோர் ஒரு சால்வையைக் கையோடு கொண்டு செல்க. சிறிய கோவில்கள் பலவும் நண்பகலில் மூடி, மாலை மூன்று நான்கு மணிக்கே திறக்கும். இராயப்பர் பேராலயத்திற்குக் காலை 7 மணிக்கே சென்றால் வரிசை குறைவு. அதன் குவிமாடத்தில் ஏற மட்டும் கட்டணம் உண்டு, படிகள் 551. மின்தூக்கியில் சென்றாலும் 320 படிகள் ஏறியாக வேண்டும். மலைக்கோட்டை ஏறவே மூச்சிரைக்கும் முதியோரைக் கீழே செபத்தில் அமர்த்திச் செல்வதே அறிவுடைமை.

திருத்தந்தையின் பொதுச் சந்திப்பு புதன்கிழமைதோறும் காலையில் நடைபெறும். ஜூலையில் பெரும்பாலும் இராது. சீட்டை யாரிடமும் விலைக்கு வாங்காதீர். ஞாயிறு நண்பகல் 12 மணிக்கு மூவேளைச் செபத்தின்போது அவர் சன்னலில் தோன்றுவார்; அதற்குச் சீட்டே வேண்டியதில்லை. சிஸ்டைன் சிற்றாலயம் வத்திக்கான் அருங்காட்சியகத்தினுள் இருப்பதால் அதற்குக் கட்டணமும் முன்பதிவும் தேவை. அங்கே படம் எடுத்தல் கூடாது.

முகவர்களின் அட்டவணையில் பெரும்பாலும் இடம்பெறாத ஒரு கோவிலையும் நம்மவர் தவறவிடலாகாது. ஜேசு கோவில் எனப்படும் அவ்வாலயத்தில் புனித இஞ்ஞாசியாரின் கல்லறை உள்ளது. முத்துக்குளித்துறையில் நம் முன்னோர்க்கு ஞானஸ்நானம் அளித்த புனித சவேரியாரின் வலக்கையும் அங்கேயே பேணப்படுகிறது. இராயப்பர் சதுக்கத்தில் நிற்கையில், 2022 மே 15 அன்று நம் தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பெற்றது இவ்விடத்தில்தான் என்று பிள்ளைகளுக்கு எடுத்துரையுங்கள். அதன்பின் அவர்களுக்கு அது அந்நிய நாட்டு முற்றமாகத் தோன்றாது.

இவ்வாறு வீண் செலவைத் தவிர்த்து மிஞ்சும் தொகையைக் கடைத்தெருவில் கரைத்துவிடாமல், உரோமையில் இன்னும் ஓர் இரவு தங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். முதியோர் இளைப்பாறவும், குடும்பம் முழுவதும் ஒருங்கே அமர்ந்து ஒரு திருப்பலியை அவசரமின்றிக் காணவும் அந்த ஒரு நாள் உதவும். நம் குடும்பங்களின் பயணம் நலமே அமைவதாக.