விளம்பரம் குப்பையை அள்ளுமா?

துடைப்பத்துடன் படமெடுத்துக்கொண்டு கலைந்து செல்லும் கூட்டத்தைக் கண்டு நீங்கள் சலித்திருப்பீர்கள். அப்படியாயின் விளம்பரத்தால் பயனே இல்லையா?

2009 அக்டோபர் 17 அன்று மாலத்தீவின் அன்றைய அதிபர் முஹம்மது நஷீத், அமைச்சரவையைக் கடலுக்கடியில் கூட்டினார். கரியமில வாயுவைக் குறைக்கக் கோரும் அறிக்கையில் அமைச்சர்கள் நீருக்குள்ளேயே கையொப்பமிட்டனர். அந்நாட்டுக்கு நேரவிருக்கும் ஆபத்தை உலகம் ஒரே நாளில் அறிந்தது. எனினும் அவ்வாண்டு டிசம்பரில் கோபன்ஹேகன் மாநாடு, நாடுகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஏதுமின்றியே முடிவுற்றது. தலைநகர் மாலேயின் குப்பையும் திலாஃபுஷி தீவில் தொடர்ந்து எரிந்துகொண்டுதான் இருந்தது.

மும்பையின் வெர்சோவா கடற்கரையை நோக்குங்கள். 2015 அக்டோபரில் வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷா, 84 வயது அண்டை வீட்டாருடன் அங்கே குப்பை அள்ளத் தொடங்கினார். வாரந்தோறும் தொடர்ந்தார், மக்கள் திரண்டனர். 2016-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் விருது அவரைத் தேடி வந்தது. 2018 மார்ச்சில் அம்மணலில் ஆமைக்குஞ்சுகள் காணப்பட்டன. ஆயினும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கடல் மீண்டும் குப்பையைக் கரையில் ஒதுக்குகிறது. புகழ் உதவிக்கு ஆட்களைச் சேர்த்தது. கரையைத் துலக்கியது விடாத உழைப்பே.

தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நன்றே, மறைவாகச் செய்வது அதனினும் மேல் என்கிறது திருமறை. ஆகவே பிறரை நன்மைக்கு அழைக்கும் விளம்பரம் குற்றமன்று, முகஸ்துதியே குற்றம். சிறிதாயினும் நிலையான அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்துள்ளார்கள்.

உங்கள் மஹல்லாவில் துப்புரவு முகாம் நடந்தால் மகிழ்வுடன் பங்கேற்பீர். மறு வாரமும் அதே தெருவுக்குச் செல்வீர். வல்ல அல்லாஹ் அதற்கு அருள் புரிவானாக! ஆமீன்.