உப்பைக் கரைக்கும் புயல்!

சாம்பாரில் உப்பு கொஞ்சம் குறைந்தால் கூட முகம் சுளிக்கிறீர்களே, குட்டீஸ்... அந்த உப்பு உங்கள் வீட்டு ஜாடிக்கு வருவதற்குள் எத்தனை புயலுக்குத் தப்ப வேண்டும் தெரியுமா?

சென்னையில் இருந்து கிழக்கு கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போயிருக்கிறீர்களா? மரக்காணம் வந்ததும் சாலையோரம் கண்ணாடி பதித்தது போல் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மின்னும். அவைதான் உப்பளங்கள். இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் சுங்கச்சாவடி உள்ள அனுமந்தை. ஒரு பக்கம் வங்கக்கடல்; மறுபக்கம் கழுவேலி என்ற பெரிய சதுப்பு ஏரி. பழவேற்காட்டுக்கு அடுத்து தமிழகத்தின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். 2021ல் இதைப் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புதான் இருக்கிறது. அதைப் பாத்திகளில் மாற்றி மாற்றித் தேக்கி, வெயிலில் வற்ற வைப்பார்கள். பத்துக் குடம் நீர் ஒரு குடமாகச் சுண்டினால்தான் சமையல் உப்பு படியத் தொடங்கும். அதற்குப் பல நாள் வெயில் வேண்டும். நடுவில் பெரிய மழை ஒன்று கொட்டினால் போதும். அத்தனை நாள் உழைப்பும் நீர்த்துப் போகும்!

சந்தேகமா? ஒரு தட்டில் உப்புக் கரைசலை ஊற்றி மொட்டை மாடியில் வையுங்கள். ஓரத்தில் உப்பு பூத்ததும் ஒரு டம்ளர் தண்ணீரை அதில் ஊற்றிப் பாருங்கள்.

இந்தக் கடற்கரைக்குப் புயல் புதிதல்ல. 2011 டிசம்பர் 30ல் 'தானே' புயல் புதுச்சேரியையும் கடலூரையும் புரட்டிப் போட்டது. 2020 நவம்பர் 25 நள்ளிரவில் 'நிவர்' வந்தது. மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே அது கரையேறியபோது காற்றின் வேகம் மணிக்கு 120 கி.மீ.க்கு மேல்! பல ரயில்களை விட வேகம்.

ஆனால், வேகம் குறைந்த புயல் என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. 2024 நவம்பர் 30ல் வந்த 'பெஞ்சல்' புயலின் வேகம் 70 முதல் 80 கி.மீ.தான். கரையேறிய பின் புதுச்சேரி அருகே பல மணி நேரம் நகராமல் நின்று விட்டது. நின்ற இடத்தில் கொட்டித் தீர்த்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை! அரை மீட்டர் ஸ்கேலை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள், அவ்வளவு உயரம். மரக்காணம் உப்பளங்களும் வெள்ளத்தில் மூழ்கின.

புயலில் ஓடு பறந்தால், மரம் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும், கணக்கெடுக்கலாம். கரைந்து போன உப்பை எப்படி எண்ணுவது? பாத்தியில் பார்த்தால் தண்ணீர்தான் இருக்கும். அதனால்தான் வாரிய உப்பை மேட்டில் அம்பாரமாகக் குவித்து, ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடுகிறார்கள். காற்று மூடியைப் பிய்த்துக் கொண்டு போனால் அந்தக் குவியலும் கரையத்தான் செய்யும். வெள்ளம் வந்தால் வரப்பு உடையும், பாத்தியில் சேறு படியும்.

சரி, புயலையாவது முன்கூட்டியே சொல்லி விடுகிறார்கள். 2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்கு சுமத்ரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. சுமார் இரண்டரை மணி நேரத்தில் சுனாமி நம் கரைக்கு வந்து விட்டது. ஊரை எச்சரிக்க அப்போது நம் நாட்டில் ஏற்பாடே இல்லை. சுனாமி எச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் 2007ல்தான் தொடங்கியது. இப்போது அதிர்வு ஏற்பட்ட சில நிமிடங்களிலேயே தகவல் வந்து விடும். மனிதர்கள் மேட்டுக்கு ஓடலாம். உப்புப் பாத்தி எங்கே ஓடும், பாவம்!

வடகிழக்கு பருவமழை மாதங்களில் உப்பளத்தில் வேலை இருக்காது, கூலியும் இருக்காது. அந்த நாட்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2022ல் தொடங்கியது. மழை விட்டதும் ஜனவரியில் தேங்கிய நீரை இறைத்து, சேற்றை வழித்து, பாத்தியைக் காலால் மிதித்துக் கெட்டியாக்குவார்கள். பிறகு முதல் உப்பு பூக்க, வெயிலுக்காகக் காத்திருப்பார்கள்.