இலவச ஆன்டிவைரஸ்: போட்டுப் பார்ப்பதற்கு முன்

தூத்துக்குடி முத்தையாபுரத்திலிருந்து திருச்செந்தூர் சாலையைப் பிடித்து, குலசேகரன்பட்டினம், மணப்பாடு, உவரி என்று கடலை ஒட்டியே தெற்கே போனால் கூடங்குளம் வந்துவிடும். 2019 அக்டோபர் கடைசியில், அங்குள்ள அணுமின் நிலையக் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டதாகப் பேச்சு கிளம்பியது. அப்படி எதுவும் இல்லை என்று நிலையத் தரப்பு 29ஆம் தேதி மறுத்தது. மறுநாளே, புகுந்தது உண்மைதான் என்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், செப்டம்பர் 4ஆம் தேதியே இதைத் தெரிவித்திருந்ததாம். உலையை இயக்கும் கணினிகள் தனி நெட்வொர்க்கில் இருந்ததால் அவற்றுக்குப் பாதிப்பில்லை. மாட்டியது, நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைத்திருந்த ஒரு கணினி.

அதாவது, நம் வீட்டில் இருப்பதைப் போன்ற ஒன்று. ஸ்பிக் நகரிலோ தெர்மல் நகரிலோ ஒரு வீட்டுக் கணினியைத் திறந்தால் ஆதார் நகல், நெட் பேங்கிங், பிள்ளையின் காலேஜ் ப்ராஜெக்ட், கல்யாண ஆல்பம் எல்லாம் ஒரே டிரைவில் கிடக்கும். இதற்கு இலவச ஆன்டிவைரஸ் போதுமா என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில்: போதும். ஆனால் அதை நீங்கள் எங்கும் தேடிப் போக வேண்டியதில்லை.

விண்டோஸ் 10, 11 இரண்டிலுமே ‘டிஃபெண்டர்’ என்ற ஆன்டிவைரஸ் உள்ளேயே இருக்கிறது. 2009இல் மைக்ரோசாஃப்ட் தனி மென்பொருளாக இலவசமாகக் கொடுத்ததை, 2012இல் விண்டோஸ் 8இலிருந்து இயங்குதளத்தோடு சேர்த்துவிட்டது. ஆரம்ப காலத்தில் சோதனைக் கூடங்களின் பட்டியலில் கடைசியில் நின்ற மென்பொருள்தான். இன்று ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் போன்ற கூடங்களில் காசு கொடுத்து வாங்குகிறவற்றோடு சரிக்குச் சரி நிற்கிறது. புது லேப்டாப்போடு ஏதாவது ஒரு கம்பெனியின் ட்ரையல் பேக் வந்திருந்தால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். ட்ரையல் முடிந்து ‘பணம் கட்டு’ என்று அது நச்சரிக்கத் தொடங்கினால், அதை முழுதாக நீக்கிவிடுங்கள். டிஃபெண்டர் தானாகவே வேலையில் இறங்கும்.

வேலையில் இறங்க விடாமல் தடுப்பது பெரும்பாலும் நாமேதான். அசெம்பிள் செய்த கணினியில் கிராக் செய்த விண்டோஸும் ஆபீஸும் ஏற்றித் தரும் வழக்கம் ஊர் அறிந்தது. அதற்கான ஆக்டிவேட்டரை டிஃபெண்டர் பிடித்துப் பிடித்து அழிக்கும். தொல்லை தாங்காமல் சிலர், சி டிரைவ் முழுவதையும் ‘இதைப் பார்க்காதே’ என்ற விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அதன் பிறகு திரையின் மூலையில் பச்சை டிக் அழகாகத் தெரியும். உள்ளே என்ன நுழைந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்பின் செட்டிங்ஸில் அடியில் இருக்கும் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பகுதியைப் பாருங்கள். நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கே இருக்கக் கூடாது.

ஆன்டிவைரஸ் உண்மையிலேயே விழித்திருக்கிறதா என்று சோதிக்க நிஜ வைரஸ் தேவையில்லை. ஐகார் என்ற ஐரோப்பிய அமைப்பின் இணையதளத்தில் ஒரு சோதனைக் கோப்பு கிடைக்கிறது. 68 எழுத்துகள் கொண்ட ஒரே ஒரு வரி. எந்தக் கெடுதலும் செய்யாது. ஆனால், இதைக் கண்டால் கத்த வேண்டும் என்று ஆன்டிவைரஸ் தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் பேசி வைத்திருக்கிறார்கள். டவுன்லோட் செய்ததும் எச்சரிக்கை வந்தால் சரி. ஜிப் வடிவில் எடுத்தால் பிரித்த பிறகுதான் சில மென்பொருள்கள் கத்தும், அதில் தவறில்லை. எதுவுமே வராவிட்டால்தான் கவலை.

இவ்வளவுக்குப் பிறகும் வேறொன்றைப் போட்டுப் பார்க்க ஆசையா? பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக இயங்கினால் ஒன்றின் கையை மற்றது பிடிக்கும், கணினி ஊர்ந்து செல்லும். தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுங்கள். கூடவே ஒட்டிக்கொண்டு வரும் பிரவுசர், விபிஎன், ‘கிளீனர்’ ஆகியவற்றின் டிக்கை எடுத்துவிடுங்கள்.

இலவசத்தின் விலை வேறு வழியாக வரும் என்பதற்கு அவாஸ்ட் நல்ல உதாரணம். அதன் இலவச ஆன்டிவைரஸை உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் வைத்திருந்தார்கள். அவர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக அவாஸ்ட் விற்றுவந்தது 2020 ஜனவரியில் பத்திரிகைப் புலனாய்வில் வெளிவந்தது. அந்த மாதமே ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. அவாஸ்ட் வேண்டாம், ஏவிஜி போடுகிறேன், அவிரா போடுகிறேன் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மூன்றும் இன்று நார்ட்டனை வைத்திருக்கும் ஜென் டிஜிட்டல் என்ற ஒரே முதலாளியின் கடைகள்.

நம் நாட்டுச் சரக்கும் உண்டு. ஆன்டிவைரஸ் தயாரிக்கும் கே7 கம்ப்யூட்டிங் 1991இல் சென்னையில் தொடங்கியது. செர்ட்-இன் 2017 பிப்ரவரியில் தொடங்கிய ‘சைபர் ஸ்வச்சதா கேந்திரா’ தளத்தில் இந்திய நிறுவனங்கள் தயாரித்த சுத்திகரிப்புக் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சந்தேகம் வரும்போது ஒருமுறை ஓட்டிப் பார்க்க நல்லவை. முழுநேரக் காவலுக்கு அல்ல.

ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போன பென் டிரைவ் திரும்பி வரும்போது, ஃபோல்டர் ஒவ்வொன்றின் மேலும் குட்டி அம்பு முளைத்திருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அதுதான் ஷார்ட்கட் வைரஸ். நிஜ ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒன்றிரண்டு கேபி அளவுள்ள போலிகளை வைக்கும். சொடுக்கினால் ஃபோல்டரும் திறக்கும், வைரஸும் கணினிக்குள் போகும். ஃபோல்டர் திறந்துவிடுவதால் சந்தேகமே வராது. ‘ஃபார்மட் பண்ணிரலாம்’ என்று யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். எதையும் சொடுக்காமல், பென் டிரைவின் மேல் வலது சொடுக்கு செய்து டிஃபெண்டரில் ஸ்கேன் கொடுங்கள். பிறகு எக்ஸ்ப்ளோரரில் மறைந்த கோப்புகளையும் சிஸ்டம் கோப்புகளையும் காட்டச் சொன்னால், பெரும்பாலும் எல்லாம் அப்படியே இருக்கும். முடிந்தால் கடைக்குப் பென் டிரைவே கொண்டுபோகாமல், பிடிஎஃப்பை மெயிலில் அனுப்பி எடுப்பது மேல்.

ஆனால் இன்று பணம் போகும் வழி வேறு. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சலான் என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்பு போனைத்தான் குறிவைக்கிறது. மேசைக் கணினியின் ஆன்டிவைரஸுக்கு அதில் வேலையே இல்லை. ஓடிபியை நாமே வாயால் சொன்னால் எந்த மென்பொருளும் தடுக்காது. பணம் போய்விட்டால் 1930க்கு உடனே அழைக்க வேண்டும். தாமதமானால் பணத்தை வழியில் நிறுத்துவது கடினம்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிந்து செட்டிங்ஸை அதனுடன் இணைத்தால், 2026 அக்டோபர் வரை காசில்லாமல் பாதுகாப்பு அப்டேட் வாங்கலாம். டிஃபெண்டருக்கான வைரஸ் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்கிறார்கள். இதைக் கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது; பட்டியல் புதிதாக இருந்தாலும் விண்டோஸில் புதிதாகத் தெரியவரும் ஓட்டைகள் அடைபடாது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினியில் பிரவுசரும் கடிதம் அடிப்பதும்தான் வேலை என்றால், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் போன்ற இலவச லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிடித்தால் நிறுவிக்கொள்ளலாம். டேலியில் கணக்கு எழுதுகிற வீடு என்றால் அது சரிப்படாது. அடுத்த கணினிக்கு இப்போதே பணம் ஒதுக்க வேண்டியதுதான்.